மாமனார் ஊருக்கு ஓடியே போனேன்

நயா பைசா வந்து நாலைந்து வருஷம் ஆகியும் கண்டக்டர்கள் அணாக் கணக்கிலேயே பேசிக்கொண்டிருந்த காலம். காணும் பொங்கலன்று விடிகாலை ஐந்தரைக்கு, வடமதுரை வழியாக எரியோடு போகும் பஸ்ஸில் திண்டுக்கல்லிலிருந்து நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். ஆளுக்கு ஐம்பத்தைந்து நயா பைசா டிக்கெட். திருவிழா நாளாதலால் கரும்புக்கட்டு, சேவல், பித்தளைத் தூக்கு எல்லாம் எங்களுக்கு முன்பே இடம் பிடித்திருந்தன.

நாங்கள் மலைக்கோட்டை அடிவாரத்து மைதானத்தில் தினமும் விடியலில் ஓடும் சங்கத்துக்காரர்கள். சவரிமுத்து தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவன். எங்களில் வேகமானவன், வெறுங்காலோடு ஓடுவான். காதர் பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போடுபவன். மூன்றாவது ஆள் நான், வேலுச்சாமி. ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிப்பது என் தொழில். நான்காமவர் காரியதரிசி ராமையா அண்ணன், ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். அவர் ஓடமாட்டார். ஆனால் ஓடுகிறவனைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்க்கும்.

நாங்கள் போகும் ஓட்டப்போட்டி எரியோட்டில் தொடங்கிக் குஜிலியம்பாறையில் முடிகிறது. கோவிலூர் வழியாகச் சுமார் பன்னிரண்டு மைல். ஒரு சங்கத்துக்கு மூன்று பேர். மூவரும் ஓடி முடிக்க வேண்டும். அவரவர் எத்தனையாவதாக வந்தார்கள் என்பதைக் கூட்டி, எந்தச் சங்கத்துக்குக் கூட்டுத்தொகை குறைவோ அதற்குக் கோப்பை. முந்தின வருஷம் கோப்பையை வேடசந்தூர் மில்லுக்காரர்கள் கொண்டுபோனார்கள். எங்கள் சங்கத்தில் ஒருவன் பாதி வழியில் மாட்டுவண்டியில் ஏறிவிட்டதால் நாங்கள் கணக்கிலேயே வரவில்லை. அந்த மாட்டுவண்டிக் கதையை மில்லுக்காரர்கள் சந்தை சந்தையாகச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆகவே இந்தத் தடவை எப்படியாவது ஜெயிக்கவேண்டும் என்பது ராமையா அண்ணனின் உத்தரவு.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. குஜிலியம்பாறை என் மாமனார் ஊர்.

கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மாமனார் அங்கே கடலை மண்டி வைத்திருப்பவர். வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் பொறுக்காத மனிதர். தலை தீபாவளிக்குப் போயிருந்தபோது, தெருவில் கபடி ஆடிவிட்டு வந்த ஒருவனைப் பார்த்து, "அரைக்கால் சட்டையோட ரோட்டுல திரியிறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று கேட்டார். பக்கத்தில் அதிரசம் தின்றுகொண்டிருந்த நான் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவர் பெண் கொடுத்த மாப்பிள்ளை தினமும் அரைக்கால் சட்டையோடு திண்டுக்கல்லைச் சுற்றி வருகிறவன் என்பது அவருக்குத் தெரியாது.

என் மனைவி செல்லத்தாயிக்குத் தெரியும். பொங்கல் சீர் கொண்டுவந்த தம்பியோடு முந்தின நாளே அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க பாட்டுக்கு ஓடி வாங்க" என்றாள். அவள் சொன்ன தெம்பில்தான் பஸ் ஏறினேன்.

ஏழு மணிக்கு எரியோடு. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் ஆளுக்கு இரண்டு இட்லி தின்றோம். காதர் மூன்றாவது கேட்டதற்கு ராமையா அண்ணன், "ஏலே, ஓடப் போறியா, விருந்துக்குப் போறியா?" என்றார். "ரெண்டும்தான் அண்ணே. வேலு மாமியா வீட்டுல ஆட்டுக்கறி" என்றான் காதர். சவரிமுத்து சிரித்துக்கொண்டே காலில் நல்லெண்ணெய் தேய்த்தான்.

மில்லுக்காரர்கள் ஒரே மாதிரி கோடு போட்ட பனியனில் வந்திருந்தார்கள். எங்கள் பனியன் மூன்றும் மூன்று வயசு. முப்பது பேருக்கு மேல் ரோட்டை அடைத்து நின்றோம். எட்டு மணிக்குப் பஞ்சாயத்துக்காரர் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வீச, ஓடத் தொடங்கினோம்.

முதல் இரண்டு மைல் தார் ரோடு, பிறகு சரளை. இருபுறமும் மானாவாரிக் காடு. சோளம் அறுத்த தட்டைகள், அங்கங்கே பனை, வேலிக்கு நட்ட கல்கால்கள். மார்கழிக் குளிர் கொஞ்சம் தங்கியிருந்ததால் வெயில் உறைக்கவில்லை. சவரிமுத்துவும் மில்லுக்காரர்கள் இருவரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் காதரின் முதுகு செத்த நேரம் தெரிந்தது. ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் அதுவும் போய்விட்டது.

மூன்றாவது மைலில் ரோட்டை அடைத்துக் கொள்ளுச்செடி காயப்போட்டிருந்தார்கள். வண்டி ஏறினால் தானியம் உதிரும் என்பதற்காக அந்தப் பக்கத்தில் அப்படிச் செய்வது வழக்கம். நான் ஒதுங்கி ஓரமாக ஓடப் பார்த்தேன். காவலுக்கு உட்கார்ந்திருந்த காட்டுக்காரச் சம்சாரி, "ஏன் அப்பு ஒதுங்குறீக? முன்னால போனவுக எல்லாம் மிதிச்சுட்டுத்தான் போனாக. நீங்களும் நல்லா மிதிச்சுட்டுப் போங்க" என்றார். முழங்கால் உயரக் கொள்ளில் ஓடுவது சேற்றில் நாற்று நடுவது மாதிரி இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவருக்குக் கூலியில்லாமல் கதிரடித்துக் கொடுத்துவிட்டுத்தான் தப்பித்தேன்.

கோவிலூரில் ஊரே ரோட்டில் நின்றது. பெண்கள் சொம்பில் மோர் நீட்டினார்கள். டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவர், "ஒங்கள எவன்டா இப்பிடித் தொரத்துறான்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அங்கேதான் மில்லுச் சங்கத்தின் மூன்றாவது ஆள் என்னோடு வந்து சேர்ந்தான். பெயர் துரைராசு, நூற்பு மில்லில் வேலை. ஒல்லி, பென்சில் கோடு மாதிரி மீசை. இருவருக்கும் ஒரே வேகம். ஆகவே பேசிக்கொண்டே ஓடினோம்.

"கல்யாணம் ஆயிருச்சா?" என்றான்.

"ஆயிருச்சு."

"பொண்ணு எந்த ஊரு?"

"இப்ப போறமே, அந்த ஊருதான்."

அவன் என் கால்சட்டையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "இதோடயா?" என்றான். "இதோடதான்" என்றேன். சிரித்த சிரிப்பில் அவனுக்கு விலாப் பிடித்துக்கொண்டது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தான். அவனை விட்டுவிட்டுப் போக மனசு வராமல் நானும் கூடவே நடந்தேன்.

பத்தாவது மைல் தாண்டியபோது பின்னாலிருந்து பஸ் ஹாரன் கேட்டது. எங்கள் துணிமணியோடு ராமையா அண்ணன் வரும் பஸ். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டிருந்தார். "ஏலே வேலு, கோவிலூர்ல விசாரிச்சேன், சவரி மொதல்ல போறான். மில்லுக்காரன் ரெண்டும் மூணும். காதர் நாலாவது. கூட்டுனா ரெண்டு பக்கமும் அஞ்சுதான். நீயும் ஒம் பக்கத்துல ஓடுறானே அவனும்தான் மிச்சம்." பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

புழுதி அடங்கியதும் நானும் துரைராசுவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் இருவரில் எவன் முந்துகிறானோ அவன் சங்கத்துக்குக் கோப்பை. இருவரும் வேகத்தைக் கூட்டினோம்.

குஜிலியம்பாறையின் முதல் கூரைகள் தெரிந்தன. கடைவீதி திரும்பியதும் பஸ் நிற்கும் இடம். அதைத் தாண்டி நூறு கஜத்தில் ரோட்டின் குறுக்கே மாவிலைத் தோரணம். அதுதான் எல்லைக் கோடு. நான் துரைராசுவுக்கு இரண்டு எட்டு முன்னால் இருந்தேன். அப்போதுதான் என் மாமனாரைப் பார்த்தேன்.

புது வேட்டி, புதுச் சட்டை, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம். பக்கத்தில் மண்டிக்காரர்கள் இரண்டு பேர். பின்னால் சலங்கை கட்டிய மாடுகளோடு கூண்டு வண்டி. மருமகன் பஸ்ஸில் வந்து இறங்குவான், வண்டியில் ஏற்றி வீதிவழியாகக் கூட்டிப்போகலாம் என்று காத்திருந்தவர். பஸ் வந்துவிட்டது, மருமகன் இறங்கவில்லை. அந்தக் குழப்பம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. செல்லத்தாயி எதையும் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது.

ஓட்டத்தைக் குறைத்தேன். வலப்பக்கம் ஒரு சந்து இருந்தது. அதற்குள் நுழைந்துவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் நான் முடிக்காவிட்டால் சவரிமுத்து முதலாவதாக வந்ததும் காதர் நாலாவதாக வந்ததும் கணக்கில் சேராது. இன்னொரு மாட்டுவண்டிக் கதையாகிவிடும். நான் தயங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் துரைராசு என்னைக் கடந்து போனான்.

மண்டிக்காரர்களில் ஒருவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அங்க ரெண்டாவதா ஓடியாரது ஒங்க மருமகன் மாதிரி இல்ல?" என்றார்.

மாமனார் திரும்பினார். புழுதியும் வியர்வையுமாக, அழுக்குப் பனியனில், தொடை தெரிய வந்துகொண்டிருந்த என்னை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. தலையைக் குனிந்து ஓடினேன். அவர் குரல்தான் கேட்டது.

"மாதிரி என்ன மாதிரி? மருமகன்தான்."

அவரைக் கடந்தபோது அதே குரல், மண்டியில் ஏலம் கூறும் உயரத்துக்கு ஏறியது. "மாப்ளே, அவன விட்ராதீங்க. எட்டி வச்சு ஓடுங்க. விட்ராதீங்க மாப்ளே."

பத்து மைலுக்கு மேல் ஓடி வந்தவனுக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது. துரைராசுவை எட்டிப் பிடித்தேன். தோளோடு தோள் உரச ஓடினோம். தோரணத்தின் கீழ் போகும்போது அவன் நெஞ்சு என் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. போன வேகத்தில் இருவரும் ஒரு வைக்கோல் போர்மேல் விழுந்தோம்.

ஆகவே கோப்பை மறுபடியும் வேடசந்தூர் மில்லுக்குத்தான். எங்கள் சங்கத்துக்கு இரண்டாம் பரிசாக ஒரு பித்தளைக் குடம். முதலாவதாக வந்த சவரிமுத்துவுக்குத் தனியாக ஒரு சுவர்க்கடிகாரம். அவன் அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடுது" என்றான். அன்று அவன் பேசிய ஒரே வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் என் மாமனார் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை. அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, தோரணத்தடியில் நின்ற பஞ்சாயத்துக்காரர்களிடம், "எங்க மாப்ள காலுதான்யா மொதல்ல கோட்டத் தாண்டுச்சு" என்று வாதாடிக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய், "மாமா, அவர்தான் முந்தினாரு. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மாப்ளே. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

பிறகு அந்தக் கூண்டு வண்டியில் அரைக்கால் சட்டையோடே என்னை ஏற்றினார். சவரிமுத்து, காதர், குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ராமையா அண்ணன் என எல்லாரும் ஏறினோம். தனியே நின்ற துரைராசுவையும் கையைப் பிடித்து இழுத்து, "நீயும் வாப்பா. அடுத்த வருசம் ஒன்னப் பாத்துக்கிறோம்" என்றார். வீட்டு வாசலில் நின்ற செல்லத்தாயி என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் அடுக்களைப் பக்கம் வைத்துக் கேட்டதற்கு, "சொல்லத்தான் போனேன். புதுச்சட்டை போட்டுக்கிட்டு அம்புட்டு சந்தோசமா நின்னாரு. விட்டுட்டேன்" என்றாள்.

குளித்து வேட்டி கட்டி இலையில் உட்கார்ந்தோம். கறிக்குழம்பு, மொச்சை வெஞ்சனம், முந்தின நாள் பொங்கலில் மிச்சமிருந்த கரும்பு. காதர் எல்லாவற்றையும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டான். சாப்பிட்டு முடித்து எழப் போனபோதுதான் என் நிலைமை தெரிந்தது. தொடை இரண்டும் கட்டையாகிவிட்டன. ஒரு கையை ஊன்றினேன், முடியவில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கைகழுவப் போய்விட்டார்கள். மாமனார் என் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் நீட்டினார். பற்றிக்கொண்டு எழுந்தேன். அவர் உடனே கையை விட்டுவிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் செல்லத்தாயியோடு பஸ்ஸில் திரும்பினேன். மாமனார் வழியனுப்ப வந்தார். கண்டக்டர் என்னைப் பார்த்து, "நேத்து ரெண்டாவது பரிசு வாங்குனவுகளா?" என்றார். "ஆருய்யா சொன்னது ரெண்டாவதுன்னு?" என்று மாமனார் தொடங்க, பஸ் நகர்ந்தது. அவர் பேசிக்கொண்டே கொஞ்ச தூரம் கூட நடந்து வந்தார்.

திண்டுக்கல்லில் நாங்கள் வருஷக்கணக்காக ஓடுகிறோம். பால்காரரும் தோல் வண்டிக்காரரும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று நாங்களும் நினைத்ததில்லை. இந்த வழியிலோ மோர் நீட்டினார்கள், தானியத்தை மிதிக்கச் சொன்னார்கள், யார் துரத்துகிறார்கள் என்று விசாரித்தார்கள். முன்பு பஸ்ஸில் போய்வந்தபோது இந்தப் பன்னிரண்டு மைலும் எனக்கு வெறும் பொட்டல்தான். இப்போது ஜன்னல் வழியே ஒவ்வொரு மேட்டையும் என் கால் முதலில் அடையாளம் கண்டது, கண் பிறகுதான் கண்டது. கோவிலூர் டீக்கடை வந்ததும் செல்லத்தாயி, "இந்த எடத்துலதான மோர் குடிச்சீக?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். எரியோடு வருகிறவரை சொல்லிக்கொண்டே வந்தேன்.