கணக்கில் வராத நாலு நொடி

என் அக்காவின் கணவரை, அதாவது மாமாவை, பட்டறையில் எல்லோரும் 'கடிகாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். தகடு வெட்டும் பிரஸ்ஸில் வேலை. இடக்கையால் தகட்டை அச்சுக்குள் தள்ளுவார், வலக்கையால் பொத்தானை அமுக்குவார். பதினாறு வருடமாக ஒரே தாளம். பக்கத்து மெஷினில் நிற்கும் நான் அந்தச் சத்தத்தை வைத்தே என் கையை ஓட்டுவேன்.

பிரஸ்ஸுக்குப் பொத்தான் இரண்டு. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் இறங்கும். கை உள்ளே சிக்கக்கூடாது என்பதற்காக. அப்படிச் செய்தால் வேலை ஓடாதென்று எல்லோருமே இடப்பக்கப் பொத்தானை அமுங்கியபடியே இருக்கக் கம்பியால் கட்டிவைத்திருந்தோம்.

வீட்டில்தான் முதலில் தெரிந்தது. பேச்சை நடுவில் நிறுத்துவார். கொஞ்சம் கழித்து, விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார்.

"எங்க போயிட்டு வந்தீங்க?" என்பாள் அக்கா.

"நான் எங்கடி போனேன்? இங்கதானே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்."

ஒருநாள் டம்ளர் வழிந்த பிறகும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அன்றோடு கிண்டல் நின்றது.

ஆஸ்பத்திரியில் தலை முழுக்க ஒயர் ஒட்டினார்கள். திரையில் நெளிந்து ஓடிய கோடு ஓரிடத்தில் முள்முள்ளாக எழுந்து நின்றது. டாக்டரம்மா அங்கே விரல் வைத்தார்.

"மூளைக்குள்ள ஒரு தாளம் ஓடிட்டே இருக்குங்க. உங்களுக்கு நடுவுல வேற தாளம் புகுந்துடுது. நாலு நொடி. கை அதுபாட்டுக்குப் பழகினதைச் செய்யும். ஆனா உங்களுக்கு அந்த நாலு நொடி நடக்கவே இல்ல. மாத்திரை தரேன். நான் சொல்ற வரைக்கும் மெஷின் பக்கம் போகாதீங்க."

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தார் மாமா. "மாப்ள, பட்டறையில மூச்சு விட்டுடாதே. தெரிஞ்சா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

மறுநாள் போனதும் முதல் வேலையாகக் கம்பியை அவிழ்த்தார். இரண்டு கையாலும் அமுக்கினார். தாளம் பாதியானது.

சூப்பர்வைசர் வந்து நின்றார். "என்ன கடிகாரம், இன்னிக்குச் சாவி கொடுக்கலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சூப்பர்வைசரே குனிந்து கம்பியை முறுக்கிக் கட்டினார். மாமா என்னைப் பார்த்தார். நான் என் தகட்டைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள், சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு. பிரஸ் இறங்கிய சத்தம் வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தது. அதனால் நான் நிமிரவில்லை. அடுத்த சத்தம் வராதபோதுதான் பார்த்தேன். இடக்கை இன்னும் அச்சுக்குள் இருந்தது.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். வலி இன்னும் அவரிடம் வந்து சேரவில்லை. எரிச்சலோடு திரும்பினார்.

"ஏன்டா நிறுத்தின? இப்பத்தானே தகட்டை வைக்கிறேன், இன்னும் அமுக்கவே இல்லையே."