கணினி மழையும் அம்மாவின் முட்டியும்

தொண்ணூறுகளில் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில், வரப்போகும் காலத்து மழையைக் கணினியில் பெய்ய வைத்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். பூமி இன்னும் சூடானால் நம் பக்கத்து மழை எப்படி மாறும் என்பதுதான் கேள்வி. எங்கள் கணினி பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு கட்டத்துக்கு ஒரே மழை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

இதைக் கேட்டு அப்பா சிரித்தார். தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெறும் நேரம் அவருக்கு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போக முத்தாபுதுப்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

"உன் கம்ப்யூட்டரு பஸ்ல போனதே இல்லியா? ஆவடில ஊத்திகினு கீது, அம்பத்தூர்ல எறங்குனா ரோடு காஞ்சி கீது."

நியாயம்தான். பழைய மழைக் கணக்குகளைச் சேர்த்துக் கட்டத்தைச் சிறிதாக்கப் படாத பாடு பட்டோம். கடைசியில் கிடைத்தது இவ்வளவுதான்: மழை நாட்கள் குறையலாம், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டலாம். அந்த 'லாம்' அப்பா காதில் விழவே இல்லை. மறுநாளே மேஸ்திரியிடம் பேஸ்மட்டத்தை உயர்த்தச் சொல்லிவிட்டார்; வாசலுக்குப் படிகளும் கூடின.

அம்மா கொதித்துப்போனாள். "மழை வர்சத்துக்கு ரெண்டு நாளு வருது. எனக்கு முட்டி தெனிக்கும் வலிக்குதே, அத்த இன்னா பண்றது?"

எனக்குப் பாவமாக இருந்தது. என் கணக்கில் முட்டிக்கு இடமே இல்லை. குடிபோன பிறகு அவள் வெளியே போவதே குறைந்தது. காய்கறி வண்டிக்காரரை மேலிருந்தே கூப்பிடுவாள். தப்பித்தவறி இறங்கினால், திரும்ப ஏறும் ஒவ்வொரு படிக்கும் என்னை ஒரு முறை திட்டுவாள்.

அடுத்த ஐப்பசியில் ஒரு பகலில் கொட்டித் தீர்த்தது. தெருவெல்லாம் தண்ணீர். எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. அப்பா வாசலில் நின்று, ஜெயித்துவிட்டவர் போல என்னைப் பார்த்தார். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

அம்மா மட்டும் எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மனையை மண் கொட்டி உயர்த்திவிட்டோம்; இங்கே நிற்க முடியாத தண்ணீரும் சேர்ந்து அந்தத் தாழ்ந்த வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே பிள்ளைத்தாச்சி மருமகள் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, உன் கட்டத்துல எதிர் ஊடு கீதா?"

நான் எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி இறங்க ஆரம்பித்திருந்தாள். அப்பா கத்தினார். அவள் திரும்பவில்லை. முழங்கால் தண்ணீரில் போய், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"மெதுவா ஏறும்மா, படி ஒசரம்."

அன்று ஏறும்போது அவள் என்னைத் திட்டவில்லை.