வறுத்த புளியங்கொட்டை வாசம்

"படிச்சா மட்டும் போதுமாங்க? பிடிச்சவனுக்குத்தான் ருசி தெரியும்."

இப்படிச் சொன்னவர் எங்கள் அரூர் ஆபீஸ் நாகராஜ் சார். சாயங்கால டீ நேரம். ஹெட் கிளார்க்கின் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறவர். லீவில் வந்தவர், ஆளுக்கொரு கியூபா சுருட்டு கொடுத்தார். பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு தாள் இருந்தது. படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

படித்தேன். இந்தச் சுருட்டில் தேவதாரு மரம், பதப்படுத்திய தோல், ஈர மண், காப்பிக்கொட்டை எல்லாம் தெரியுமாம்.

இது சுருட்டா, மரக்கடையா என்று ஒரே சிரிப்பு. பற்ற வைத்தார்கள். ஒருவர் காட்டம் என்றார். இன்னொருவர் ஆமாம், காட்டம்தான் என்றார். அவ்வளவுதான் விமர்சனம்! இதில் தோல் எங்கே வருகிறது என்று நான் கேட்டேன். அதற்குத்தான் நாகராஜ் சாரின் அந்தப் பதில்.

எனக்கும் ஒன்று கிடைத்தது — அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். உனக்குத் தெரியாது என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்பாவோ பீடியிலேயே சந்தோஷமாக இருக்கிறார். எதற்கு அவரைக் கெடுப்பானேன்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வாடகை அறையில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன். பிளேடால் நுனியை நறுக்கிப் பற்ற வைத்தேன்.

அப்பா பீடி இழுப்பதைப் போல நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டேன். இருமலில் உயிர் போய் வந்தது. சுருட்டுப் புகையை வாயோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமாம். அது அந்தத் தாளின் கடைசி வரி. கடைசி வரி வரை யார் படிக்கிறார்கள்?

இரண்டாவது இழுப்பில்தான் ருசி வந்தது. தேவதாரு மரத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது வறுத்த புளியங்கொட்டை. அதேதான்! பிறகு அடிப்பிடித்த களிச் சட்டி. நாக்கு நுனியில் மிளகு. தோல்கூட இருந்தது... புதுச் செருப்பு மழையில் நனைந்தால் ஒரு வாடை வருமே, அது. எல்லாம் அடங்கிய பிறகு தொண்டையில் துளி வெல்லம்.

"புளியங்கொட்டைதானே?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

யாரைக் கேட்டேன்? சுவரில் ஒரு காலண்டர். கொடியில் இரண்டு புடவை. ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

ருசி நாக்கோடு முடிகிற சமாச்சாரம் இல்லை போலிருக்கிறது. பக்கத்தில் ஒருவர் ஆமாம் என்று சொன்னால்தான் அது நிற்கிறது. ஆபீஸ்காரர்களுக்கு ஒரே வார்த்தை — ஆனால் ஆமாம் போட ஆள் இருந்தது. எனக்கு இத்தனை வார்த்தை. ஆள்தான் இல்லை.

பாதியில் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்கார அக்கா! அறை கொடுத்தபோது அவர் போட்ட ஒரே கண்டிஷன், ஆம்பளை யாரும் வரக்கூடாது என்பது. உள்ளே வந்தவர் நேராகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"யாருங்க கண்ணு வந்தது?"

"யாரும் வரலைங்கக்கா. நான்தான் பிடிச்சேன்."

நம்பவில்லை. குடித்துவிட்டு வரும் தன் வீட்டுக்காரரை வாசலில் நிறுத்திச் சோதிப்பாரே, அதே குரலில் சொன்னார்: "எங்க, ஊது பாக்கலாம்."

பி.ஏ. படித்தவள், கவர்மென்ட் உத்தியோகக்காரி, வாயைக் குவித்து ஊதினேன்.

அவர் மூக்கைச் சுருக்கினார். "சுருட்டேதான். ஆனா... புளியங்கொட்டை வறுத்தாப்புல அடிக்குது."

"ஆமாங்கக்கா!"

கட்டிப்பிடிக்காத குறை. அவருக்கோ முகம் இறுகிவிட்டது.

"ஆம்பளை வந்தான்னாகூட மாமன் மவன்னு சொல்லிச் சமாளிச்சுருவேன் கண்ணு. இதை நான் என்னன்னு சொல்றது? எங்க வூட்டுக்கு இதெல்லாம் ஆவாதுங்க."

மாசக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும். நான் வாதாடவில்லை. அந்த அறையில் நான் சொன்னதை ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

ஆபீசுக்கு பஸ்ஸில் போய் வந்துகொள்ளலாம் என்று பொம்மிடியில் ஸ்டேஷன் பக்கம் அறை பிடித்து, அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அந்த வீட்டுக்காரம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன் — ஆள் யாரும் வரமாட்டார்கள், புகை மட்டும் எப்போதாவது வரும் என்று.