ஏழாம் தொகுதி

என் அண்ணனை வேலையிடத்தில் சல்லடை என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவனும் ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொள்வான். பேரண்டம் பிறந்தபோது இருந்த சூட்டின் மிச்சம் இன்னும் வானமெங்கும் மெல்லிய நுண்ணலையாகப் பரவியிருக்கிறதாம். அதை அளக்கும் தொலைநோக்கியில், கருவி தன் பங்குக்குச் சேர்த்துவிடும் பிழைகளைச் சலித்து எடுப்பதுதான் அவன் வேலை. வானத்தைப் பார்க்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு வானத்தையே பார்க்காத ஆள் நீதான் என்று நான் கிண்டல் செய்வேன். தங்கைக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அண்ணி அதே ஆய்வுக்கூடத்தில் உணரிகள் செய்தவர். அந்தச் சூட்டை உணரும் சின்னச் சில்லுகள். நகத்தின் அளவுகூட இருக்காது. தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவார். ஒருமுறை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன், எனக்கே மூச்சு முட்டியது. கடைசியாகச் செய்த சில்லுத் தொகுதிக்காக அவர் தூக்கம், விடுமுறை எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்திருந்தார். அது வானத்தை அளந்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்பார்.

தொலைநோக்கி வானத்தை இடமிருந்து வலமாகத் துழாவும், பிறகு வலமிருந்து இடமாக. ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழித்தால் வானம் வானத்தோடு அடிபட்டுப்போய், ஒன்றுமே மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அது கருவியின் கோளாறு. சோதிப்பவன் சொந்தபந்தம் பார்த்துவிடக் கூடாதே என்று, எந்தத் தொகுதி யாருடையது என்பதை மறைத்து எண்ணை மட்டும் தருவார்கள். செய்தவர்களுக்குத் தங்கள் எண் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது. அந்த முறை ஏழாம் தொகுதியில் மட்டும் ஒரு மங்கலான கறை மிஞ்சியது. ஏழாவதை நீக்கிவிடலாம் என்று அண்ணன் கூட்டத்தில் சொன்னான்.

மறுநாள் காலை அண்ணி பல் தேய்த்தபடியே கேட்டார்.

"ஏழாவதை இன்னொரு தடவை பாக்கறீங்களா?"

அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. "வீட்ல இதப் பேசக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தான்.

நான் அப்போது அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு சந்தேகம் வந்தால் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து சரிபார்க்கிற ஆள் அவன். யார் கேட்டிருந்தாலும் திரும்பப் பார்த்திருப்பான். பெண்டாட்டியுடையது என்று தெரிந்ததும், பார்க்கவில்லை. அன்றைக்கே அதை நீக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டான். நேர்மையாம்! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

முடிவுகள் வெளிவந்தன, ஊரே கைதட்டியது. அண்ணி சண்டை போடவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டு, மருந்துக் கிடங்குகளுக்கு வெப்பமானி செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். வீட்டில் வானத்தைப் பற்றிய பேச்சே நின்றுபோனது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. முன்பெல்லாம் இரண்டு பேரும் சாப்பாட்டைக்கூட ஆறவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வருடங்கள் கழித்து, பழைய அளவீடுகளை மறுபடி அலசியபோதுதான் அண்ணனுக்கு உறைத்தது. எந்த உணரியும் சூட்டை அந்தக் கணமே உணராது; இமைப்பொழுதுக்கும் குறைவாகவாவது தாமதிக்கும். அந்தத் தாமதத்தை நேர்செய்ய அவன் எல்லாத் தொகுதிகளுக்கும் ஒரே அளவைப் போட்டிருந்தான். மற்றவையெல்லாம் சொல்லிவைத்த மாதிரி அதற்குப் பொருந்தின. அண்ணியுடையது மட்டும் அவற்றைவிட வேகமானது. அவ்வளவு இல்லாத தாமதத்தை இவன் திருத்தப் போய்க் கறை விழுந்திருக்கிறது. இருந்ததிலேயே நல்ல தொகுதியைக் குப்பை என்று ஒதுக்கியிருக்கிறான். அளவை மாற்றிப் போட்டுப் பார்க்க ஒரு காலைப் பொழுது போதுமாம்.

தனியாகப் போய்ச் சொல்லத் தைரியமில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"உன் தொகுதில ஒரு தப்பும் இல்ல," என்றான். "தப்பு நான் போட்ட திருத்தத்துல. எல்லாத்தையும் விட உன்னோடதுதான் நல்லா இருந்திருக்கு."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேனே. இன்னொரு தடவை பாருங்கன்னு."

அண்ணன் தடுமாறினான். "திருத்தி வெளியிடறோம். உன் பேரு வரும். நீ திரும்பி வந்தா அடுத்த தொலைநோக்கிக்கு..."

"கண்ணு போச்சுங்க. இப்பல்லாம் ஊசில நூல் கோக்கவே வரல."

அண்ணி அவனுடைய சட்டை ஒன்றை எடுத்து, கையை உள்ளே மடக்கி, மடியில் வைத்து நீவினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"வேற யாராவது கேட்டிருந்தா பாத்திருப்பீங்கல்ல?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "பாத்திருப்பேன்," என்றான்.

"அப்ப, உங்க பொண்டாட்டியா இருந்ததுதான் நான் செஞ்ச தப்பு."