பெயர் போடாத நாடகக்குழு: லாச்சப்பலில் ஒரு ஞாயிறு

டர்பன் பயணம் பற்றி நான் முன்பு எழுதிய பதிவுக்கு ஒரு பெண் பின்னூட்டம் போட்டிருந்தார். அவருடைய பெரியம்மா நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறிய மேடைக் கலைஞராம். இப்போது பாரிஸில் ஈழத்தமிழர் நாடகக்குழு ஒன்றோடு சேர்ந்து இன்னும் நடிக்கிறாராம். அந்தப் பக்கம் போனால் பாருங்கள் என்று எழுதியிருந்தார். எனக்கு நாடகம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். போன ஜூனில் எட்டு நாள் பிரான்ஸ் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கி வைத்தேன். "பாரிசுக்குப் போய் யாராவது தமிழ் நாடகம் பாப்பாங்களா?" என்று திருச்சியில் என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு ஈஃபிள் கோபுரம் போதும், அதுவும் போட்டோவில்.

போகிறவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். மெட்ரோ இரண்டாம் தடத்தில் லா ஷப்பெல் நிலையத்தில் இறங்க வேண்டும். பலகையில் அப்படித்தான் இருக்கும், நம்மவர்கள் லாச்சப்பல் என்பார்கள். கார் து நோர் என்ற பெரிய ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம், பத்து நிமிடம். டிக்கெட் இரண்டரை யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சுலபம், மனசுக்குத்தான் கஷ்டம். ஞாயிறு காலையில் மற்ற பாரிஸ் தூங்கும்போது இங்கே கடைகள் திறந்து, தெருவில் கறிவேப்பிலைப் பெட்டி இறக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு தோசையும் தேநீரும் ஆறரை யூரோ. சாம்பார் நம் ஊர்ச் சாம்பார் இல்லை, எதிர்பார்க்காதீர்கள்.

ஒத்திகை பிலிப்-து-ஜிரார் தெருவில், ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடி அறையில். அரிசி மூட்டைகளைச் சுவரோரம் தள்ளி இடம் செய்திருந்தார்கள். குழுவை நடத்துபவர் குமார், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வார நாளில் கிடங்கில் சாமான் ஏற்றுகிற வேலை. எல்லோருக்கும் குமாரண்ணை. நான் கைப்பேசியை எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"படம் மட்டும் எடுக்காதேங்கோ அக்கா. நாங்கள் நோட்டீசிலயும் பேர் போடுறேல்லை, படம் போடுறேல்லை. நாங்கள் இஞ்சை நடிக்கிறதுக்கு அங்கை ஊரில பொலிஸ், ஆமி எண்டு வந்து வீட்டுக் கதவைத் தட்டுவாங்கள்."

ஆறு நடிகர்கள். யாருக்கும் நிலையான வேடம் கிடையாது, ஆறு பேருக்கும் ஆறு பேருடைய வசனமும் பாடம். ஒருவர் வர முடியாமல் போனாலும் நாடகம் நிற்கக்கூடாது என்பதற்காகவாம். நிறவெறி ஆட்சியில் கறுப்பர்கள் நகருக்குள் நடமாட ஒரு சிறு புத்தகம் கையில் வைத்திருக்க வேண்டும். அதுதான் பாஸ். பாஸ் இல்லாத ஒரு ஆளைப் போலீஸ் தெருவில் நிறுத்துவதுதான் கதை. முடிவில் ஆறு பேரும் ஆளுக்கொரு பாஸைக் கிழித்துப் போடுவார்கள்.

ஈழத்துக்காரர்களுக்கு ஏன் தென்னாப்பிரிக்கக் கதை என்று கேட்டேன். குமார் சிரித்தார். "பாஸ் எண்டா என்னெண்டு எங்கட சனத்துக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆமியும் பாஸ் கேட்டது, இயக்கமும் பாஸ் கேட்டது. எங்கட கதையை நேர சொன்னா மண்டபத்துக்குள்ளேயே சண்டை வரும். தென்னாபிரிக்கா எண்டா எல்லாரும் இருந்து பாப்பினம்." ஆமி என்றால் இலங்கை ராணுவம், இயக்கம் என்றால் புலிகள்.

நான் தேடி வந்த அந்தப் பெரியம்மா தைநாயகி, பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெயிலிருந்து ரயில் ஏறி எனக்கு முன்பே வந்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர், நிமிர்ந்த முதுகு, ஆண்பிள்ளை போல் வெட்டிய முடி. அவர் பேசும் தமிழைக் கேட்டால் வேலூர்ப் பக்கத்து ஆள் என்பீர்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் தமிழ் அது. அப்பா தோட்டத்தில் கூத்தாடியவர். "நமக்குப் பாஸ் கெடையாது, அது கறுப்பங்களுக்கு. நமக்கு வூட்ட ஒடச்சாங்க. இது வெள்ளக்காரன் இருக்கிற எடம்னு சொல்லித் தெருவையே ஒடச்சாங்க," என்றார். இருபத்தி மூன்று வயதில் கறுப்பரும் இந்தியரும் சேர்ந்த ஒரு குழுவோடு ஐரோப்பா வந்திருக்கிறார். ஊர் ஊராகப் பாடியும் நடித்தும் அந்த ஆட்சியோடு வியாபாரம் வைக்காதீர்கள் என்று கேட்டார்கள். அந்த அரசு அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிட்டது, திரும்ப முடியவில்லை. அம்மா செத்த சேதி தந்தியில் வந்ததாம். அந்தக் குழுவும் சுவரொட்டியில் பெயர் போட்டதில்லை, அதே காரணம்தான். ஆட்சி மாறியபின் ஒருமுறை போய்ப் பார்த்தாராம். வீடிருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. திரும்பி வந்துவிட்டார்.

இப்போது சீலனைச் சொல்ல வேண்டும். முப்பது வயதுக்குள் இருக்கும். பக்கத்துத் தெரு உணவகத்தில் சமையல்கட்டு வேலை. அகதி விண்ணப்பத்தை இரண்டு முறை தள்ளிவிட்டார்கள், மூன்றாவது முறை போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். கையில் எந்தக் காகிதமும் இல்லை. அன்று பாஸ் இல்லாத ஆளாக நடித்தவர் அவர்தான். போலீஸாக வந்த குமார் "பாஸ்?" என்று கேட்டதும் சீலனின் கை முதலில் சட்டைப்பைக்குப் போனது. பிறகு கால்சட்டையின் இரண்டு பைகளுக்கும், பிறகு மறுபடியும் சட்டைப்பைக்கு. முகத்தில் ஒன்றுமே இல்லை. முப்பது வருடமாக மேடை நாடகம் பார்க்கிறேன், இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. முடிந்ததும் போய் அவரிடமே சொன்னேன்.

"இது நடிப்பில்லை அக்கா," என்றார். "கார் து நோரில கொன்ட்ரோல் பொலிஸ் நிண்டா கை தானாப் போகும். ஒண்டும் இல்லையெண்டு தெரியும், எண்டாலும் போகும்."

அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு நடந்தது. எல்லோரும் இருந்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. பாஸ் புத்தகங்களை ஒவ்வொரு முறையும் கிழிப்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டும். கலியாணக் கார்டும் சாமத்தியச் சடங்கு என்கிற மஞ்சள் நீராட்டு அழைப்பும் அடிக்கிற ஒரு அச்சுக்கடையில் செய்கிறார்கள். இந்தமுறை தைநாயகி பிடிவாதமாக நின்றிருக்கிறார். "பொம்ம மாதிரி இருந்தா யாரு நம்புவா? நெசம் மாதிரி வேணும்." ஆகவே ஆறு நடிகர்களின் உண்மையான புகைப்படம், வேறு பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாம் வைத்து ஆறு புத்தகம். பசை காய மத்தியானம் ஆகும். சீலனுக்கு இரண்டரைக்கு வேலை முடியும், அச்சுக்கடை அவர் வேலை செய்யும் இடத்துக்கு அடுத்த கதவு. "நான் எடுத்துக்கொண்டு வாறன்," என்றார். "ஓம், நீ கொண்டு வா," என்றார் குமார்.

நாடகம் நான்கு மணிக்கு, லா கூர்னெவில். கார் து நோரிலிருந்து ஆர்இஆர் பி புறநகர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம், பத்து நிமிடம் கூட ஆகாது, அதே இரண்டரை யூரோ டிக்கெட். நிலையத்திலிருந்து அடுக்குமாடிகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே கால் மணி நேரம் நடக்க வேண்டும். வழியில் ஒரு டீக்கடை கிடையாது, லாச்சப்பலிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மண்டபத்தில் இருநூறு நாற்காலி, பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை போட, தாய்மார் தமிழில் அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றே முக்காலுக்கு ஒரு பெண் மூச்சிரைக்க வந்தார். லாச்சப்பலில் சேலைக்கடை வைத்திருப்பவர். "குமாரண்ணை, சீலனைக் கார் து நோரில மறிச்சு வச்சிருக்கிறாங்கள். அந்தப் புத்தகங்களை நிலத்தில அடுக்கி வச்சுப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்."

ஆறு தமிழ் முகங்கள், ஆறு பொய்ப் பெயர்கள், ஆறு முத்திரைகள். கொண்டுவந்தவரிடம் சொந்தமாக ஒரு காகிதம் கிடையாது. கள்ளப் பத்திரம் செய்கிறவன் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்? குமார் சுவரில் கையை ஊன்றி நின்றார். "நாடகச் சாமானெண்டுதானே நினைச்சனாங்கள்," என்று அதையே மூன்று நான்கு தடவை சொன்னார். தைநாயகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் நெசமா இருக்கணும்னு சொன்னேன்," என்றார்.

சீலனின் அகதி வழக்கைப் பார்க்கும் வக்கீல் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். நாடகம் தொடங்கட்டும், நான் விசாரித்துச் சொல்கிறேன் என்றாராம். தொடங்கினார்கள். சீலனின் வேடத்தைத் தைநாயகி எடுத்துக்கொண்டார். பாஸ் எங்கே என்று குமார் கேட்டபோது அந்த அம்மாவின் கை பைகளைத் தேடவே இல்லை. சும்மா நின்றார். கடைசிக் காட்சியில் கிழிக்கப் புத்தகம் இல்லாததால் வெறுங்கையால் கிழிப்பது போல் நடித்தார்கள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியதும் குமார் ஒரு மேசையை இழுத்துப் போட்டார். வக்கீல் சொன்னது இதுதான். சீலன் நடிகர் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி வேண்டும். நோட்டீஸ், படம், வீடியோ, பத்திரிகைச் செய்தி, எதுவானாலும் சரி. ஒன்றும் இல்லை, இருக்கக்கூடாது என்றுதானே இத்தனை வருடம் பாடுபட்டார்கள். அப்படியானால், அவர் நடித்ததைப் பார்த்த மூன்று பேராவது எழுதிக் கையெழுத்திட்டுத் தங்கள் அடையாள அட்டையின் நகலையும் சேர்த்துக் காலைக்குள் தர வேண்டும்.

"சீலன் நடிச்சதைப் பாத்த ஆக்கள் கனபேர் இதுக்குள்ளை இருக்கிறியள்," என்றார் குமார். "மூண்டு பேர் எழுதித் தந்தாக் காணும்."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்தவர் குமாரின் தோளைத் தொட்டு, "அண்ணை, எனக்கு பிரெஞ்சு சிற்றிசன் கேஸ் போய்க்கொண்டிருக்கு," என்றார். சேலைக்கடைப் பெண், "வாற மாசம் திருவிழாவுக்கு ஊருக்குப் போறம், பிள்ளையளும் வருகுதுகள்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மற்றவர்கள் சொல்லாமலே போனார்கள். புதுச்சேரிக்காரர் ஒருவர் மட்டும் மேசைக்கு வந்தார், ஓய்வுபெற்ற பிரெஞ்சு அரசு ஊழியர். "மிசியே, நான் எழுதித் தர்றேன், எனக்கு ஒரு பயமும் இல்ல. ஆனா நான் இன்னிக்குத்தான் மொத தடவ வந்தேன், அவர நான் பாத்ததே இல்லயே," என்றார். பயமில்லாதவர் பார்த்ததில்லை, பார்த்தவர்களுக்குப் பயம். எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ரயிலில் திரும்பும்போதுதான் அடங்கியது. கதவைத் தட்டுவார்கள் என்பது அவர்களுக்கு வெறும் பேச்சு இல்லை, நடந்தது.

மற்ற மூன்று நடிகர்களிடம் நகல் எடுக்க அடையாள அட்டை இல்லை. தைநாயகி எழுதினார். குமார் எழுதினார், அவருடைய தம்பி இன்னும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். மூன்றாவது ஆள் நான். காலையில் ஒத்திகை பார்த்தவள்தானே. திருச்சிக்குப் போன் போட்டேன். "வெளிநாட்டுல போய்க் கண்ட காயிதத்துல கையெழுத்துப் போடாதே," என்றார் வீட்டுக்காரர். போட்டேன். விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று பயமாகத்தான் இருந்தது.

திங்கள் மாலையே கள்ளப் பத்திரக் குற்றச்சாட்டு போய்விட்டது. ஆனால் காகிதம் இல்லை என்பது போகவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தடுப்பு முகாமுக்குச் சீலனைக் கொண்டுபோனார்கள். இப்படிப்பட்ட நாடகத்தில் நடித்தவரைத் திருப்பி அனுப்பினால் ஆபத்து என்று வக்கீல் வாதாடியிருக்கிறார். எந்த நோட்டீசிலும் பெயரே வராத ஆளை இலங்கையில் யாருக்குத் தெரியும், என்ன ஆபத்து என்று நீதிமன்றத்தில் கேட்டார்களாம். குமார் இதைப் போனில் சொன்னார்.

போகிறவர்களுக்கு: பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு நகலோடு சுற்றாதீர்கள், அசலைக் கையில் வைத்திருங்கள். பயணம் முடியும்வரை ரயில் டிக்கெட்டை எறியாதீர்கள். லாச்சப்பலில் கடையைப் படம் எடுக்கலாம், ஆட்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். நாடகம் பற்றி விளம்பரம் எங்கும் இருக்காது, ஞாயிறு காலையில் பலசரக்குக் கடைகளில் விசாரித்தால் சொல்வார்கள். நுழைவு இலவசம், வாசலில் விரும்பியதைப் போடலாம். ஜூனைவிட மார்ச்சில் அறை வாடகை குறைவு.

ஊருக்கு வந்து மூன்று வாரம் கழித்துக் குமாரிடமிருந்து குரல்செய்தி வந்தது. "அக்கா, நேற்று அவனைப் பிளேனில ஏத்திப்போட்டாங்கள். நீங்கள் பதிவு எழுதினா அவன்ர பேரைப் போடாதேங்கோ. என்ர பேரும் வேண்டாம். அவன் இப்ப அங்கை இறங்கியிருப்பான்." தைநாயகியிடம் கேட்டேன். "என் பேரு போடு, என்னத் தேடி யாரு வரப்போறாங்க," என்றார்.

ஆகவே தைநாயகி தைநாயகிதான். குமார் குமார் இல்லை, சீலன் சீலன் இல்லை. நான் பார்த்ததிலேயே நல்ல நடிகர் ஒருவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் யார் என்பதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.