நனைஞ்ச தோலா, காஞ்ச தோலா?

மண்டு பசங்கன்னு இன்னொரு தரம் சொல்லாதீங்க ஹெட்மாஸ்டர் ஐயா! நாலாங் கிளாஸுக்குக் கணக்குக் கேள்வி போட்டது நீங்க, திருத்துனதும் நீங்க. நான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேனா? வேலூர் ட்ரெய்னிங் ஸ்கூல்லேருந்து வந்து, ஆம்பூர்ல மூணு மாசமா அதுங்களோட கத்திக் கத்தித் தொண்டை போச்சு எனக்கு. உங்க ஒரே ஒரு கணக்கால எஸ்தர்னு ஒரு பொண்ணு பெயிலு. பெயிலுன்னா படிப்பு போதும், தோல் பதனிடற டேனரிக்கு வேலைக்கு வான்னுட்டாரு அவ அப்பா.

என்னை மாதிரியே ட்ரெய்னிங்ல மாட்டிக்கிட்ட தோஸ்துங்களே, நம்ம தொழில்ல கணக்கு சொல்லிக் குடுக்கறது சுலபம். கேள்வி போட்டவரு இன்னா நெனச்சாருன்னு சொல்லிக் குடுக்கறதுதான் பேஜாரு. இந்த மூணு பேப்பரைப் பாருங்க.

நாலு பேரு, ஒரு தறி

'ஒருவன் ஒரு லுங்கியை இரண்டு நாளில் நெய்வான். நால்வர் சேர்ந்து அதை எத்தனை நாளில் நெய்வார்கள்?' அரை நாள்னு எழுதணுமாம். முருகேசன் ரெண்டு நாள்னு எழுதிட்டான். அவன் குடியாத்தத்துப் பையன், அப்பா நெசவு. வகுக்கத் தெரியலையாடான்னு காதைத் திருகினேன். அந்தத் திருகலுக்கு இன்னிக்கு வரைக்கும் வெக்கப்படறேன்.

"தறிக் குழியில ஒரு ஆள்தான் சார் உக்கார முடியும். மீதி மூணு பேரு பக்கத்துல நின்னு பேசுனா மூணு நாள் ஆவும்."

மாங்கா எங்க?

அடுத்த கேள்வி பதினோரு வரி. ஒரு மிராசுதாரு, அவரு மகளுக்குக் கல்யாணம், சம்பந்திங்க, பந்தலு, தோப்பு, எல்லாம் இருக்கு. கடைசி வரியிலதான் மாங்காயே வருது. கரீம் வெத்துப் பேப்பர் குடுத்துட்டான். வீட்ல உருது பேசற பையன், தமிழை எழுத்து எழுத்தா கூட்டித்தான் படிப்பான். மறுநாள் அதையே வாயால கேட்டேன்: நூறு மாங்கா, இருபது பேரு, ஆளுக்கு எவ்ளோடா? நான் வாயை மூடறதுக்குள்ள அஞ்சுன்னுட்டான். அப்போ பரீட்சையில இன்னாடா பண்ணேன்னேன்.

"பொண்ணு வீடு எது, மாப்பிள்ளை வீடு எதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க சார்."

எஸ்தரோட முட்டை

'ஓர் ஆட்டுத்தோலின் எடை இருபது பலம். எட்டுத் தோல்களின் எடை எத்தனை வீசை?' நாப்பது பலம் ஒரு வீசை, அப்போ நாலு வீசை. எஸ்தர் எழுதினதை அப்படியே சொல்றேன்: 'காஞ்ச தோலா இருந்தா நாலு வீசை. நனைஞ்ச தோலா இருந்தா ஜாஸ்தி.' ரெண்டு பதில் எழுதினதுக்கு நீங்க முட்டை போட்டுட்டீங்க. அவ அப்பா தொட்டியிலேருந்து தோலைத் தூக்கிப் போடறவரு, வீட்டுக்கு வந்து இடுப்பைப் புடிச்சிக்கிட்டுப் படுக்கறவரு. ஏம்மா, நாலு வீசைன்னு எழுதிட்டு நிறுத்திருக்கலாம் இல்ல? அப்படின்னு கேட்டேன். அவ அழல. என்னை ஒரு மாதிரி பாத்தா.

"எங்கப்பா நனைஞ்சதைத்தான் சார் தூக்கறாரு. அதை எப்படி சார் எழுதாம விடறது?"

புள்ளைங்களுக்கு விஷயம் தெரிஞ்சதுக்கு மார்க்கு குறைச்ச பரீட்சை இது ஒண்ணுதான். அதனால ஐயா, வெள்ளிக்கிழமை பெத்தவங்க மீட்டிங்குல எஸ்தரோட அப்பா முன் வரிசையில உக்காந்திருப்பாரு, நீங்க எல்லாரு முன்னாடியும் எழுந்து அவருக்குப் பதில் சொல்லுங்க: உங்க கேள்வியில இருந்த தோல் நனைஞ்சதா, காஞ்சதா?