ஒரே ஒரு மாணவியின் ஆண்டு விழா

என் மகள் வீட்டில் வாய் மூடாமல் பேசுவாள். காலையில் பல் தேய்க்கும்போதே தொடங்கிவிடுவாள். பிரஷ் வாயில் இருக்கும், கதையும் வந்துகொண்டிருக்கும். அதனால் அவள் கிண்டர்கார்டன் சேர்ந்து ஒன்றரை டேர்ம் ஆனபிறகு டீச்சர் என்னைத் தனியே அழைத்து, "அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது" என்று சொன்னபோது, வேறு யாரோ குழந்தையைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அவளுக்குப் பேச்சு நின்றுவிடும். அது பிடிவாதம் இல்லை, பயம். பேச நினைக்கும்போதே தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் பிறகு எங்களுக்கு விளக்கினார். டீச்சர் பொறுமையானவர். படம் போட்ட அட்டைகள் கொடுத்து, வேண்டியதைத் தொட்டுக் காட்டச் சொன்னார். சில நாட்களில் அதற்குக்கூட மகளின் கை எழவில்லை. குளிர்காலத்தில் ஒருநாள், பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்க முடியாமல் வகுப்பிலேயே உடையை நனைத்துவிட்டாள். அன்று மாலை யாருடையதோ ஒரு பெரிய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, நனைந்த துணி இருந்த பிளாஸ்டிக் பையோடு காரில் ஏறினாள். நார்த்மீட்டில் எங்கள் வீடு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்குள் வந்தபிறகும் பேசவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கலாம் என்று நான் சொன்னபோது கணவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்புறம் வெளி உலகமே வேண்டாம்னு ஆயிடுவா. போகப் போகப் பழகிடும். நான்கூட சின்ன வயசுல பேசமாட்டேன்."

"நீங்க பேசமாட்டீங்க. அவளால பேச முடியல. ரெண்டும் ஒண்ணா?"

இரண்டு வாரம் இதையே திருப்பித் திருப்பிப் பேசினோம். கடைசியில் அவர், "ஒரு வருஷம் பார்க்கலாம்" என்றார். ஆஸ்பத்திரி லேபில் எனக்கிருந்த முழுநேர வேலையைச் சனி ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டேன். என்ன பாடம், எப்படி நடத்தப்போகிறோம் என்றெல்லாம் எழுதி விண்ணப்பித்து, அரசிலிருந்து ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துப் போனபின் அனுமதி வந்தது.

நான் நல்ல டீச்சராக இருக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு ஆங்கிலம், பத்துக்குக் கணக்கு என்று அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மூன்றாவது வாரம், கழித்தல் கணக்கில் அவள் ஒரே தப்பை நாலாவது முறை செய்தபோது பென்சிலைத் தூக்கி எறிந்து கத்திவிட்டேன். அவள் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கால்மணி நேரம் கழித்து நானும் உள்ளே தவழ்ந்து போய் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அட்டவணையைக் கிழித்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பாடம் நடத்தியவை நத்தைகள். மழை பெய்தால் எங்கள் தபால் பெட்டிக்குள் நத்தைகள் ஏறி, வருகிற கடிதங்களையும் வீடு விற்பனை நோட்டீஸ்களையும் ஓரத்திலிருந்து தின்றுவிடும். எந்தக் காகிதத்தை எவ்வளவு தின்றது என்று மகள் ஸ்கேலால் அளந்தாள், எழுதினாள், படம் வரைந்தாள். கழித்தல் கணக்கும் அப்படித்தான் வந்தது: முழுக் கடிதத்தில் நத்தை தின்றது போக மீதி எத்தனை சென்டிமீட்டர்? ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் அது பதினோரு பக்கப் புத்தகமாகிவிட்டது. பத்துப் பக்கம் ஆங்கிலம், கடைசிப் பக்கம் தமிழ்.

நவம்பரில் அனுமதியைப் புதுப்பிக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். மகள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதிகாரி அவளைக் கூப்பிடவில்லை. நோட்டுகளைப் பொறுமையாகப் பார்த்தார், நத்தைப் புத்தகத்தை முழுதும் படித்தார், இரண்டு இடத்தில் சிரித்தார். கிளம்பும்போது குளியலறைப் பக்கம் திரும்பி, "ஒன்றாம் வகுப்பை நன்றாக முடித்துவிட்டாய்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு மெதுவாகத் திறந்தது. "முடிச்சாச்சுன்னா என்னோட அசெம்பிளி எப்போ?" என்று கேட்டாள் மகள்.

எதிர்வீட்டுப் பிள்ளைகள் பள்ளி ஆண்டு முடியும் டிசம்பரில் அசெம்பிளி என்கிற பரிசளிப்பு விழாவுக்குப் போவதை அவள் ஜன்னலில் பார்த்திருக்கிறாள். தனக்கும் மேடை, நாற்காலிகள், சான்றிதழ், பிரின்சிபால் எல்லாம் வேண்டும் என்றாள். புத்தகத்தைத் தானே எல்லாருக்கும் படித்துக் காட்டப் போவதாகவும் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். ஆனால் அதைக் கேட்டதும் எனக்குள் எழுந்த ஆசை அவளுக்காக மட்டும் எழுந்ததல்ல. செவன் ஹில்ஸில் கணவரின் நண்பர் குடும்பம் இருக்கிறது. அவர்கள் பெண்ணுக்கும் இதே வயது, பள்ளியில் படிக்கிறாள். அந்த நண்பரின் மனைவி ஒருமுறை என்னிடம், "எவ்வளவு நாளைக்கு இப்படி வீட்லயே வெச்சிருப்பீங்க?" என்று கேட்டிருந்தாள். அவர்களை முதலில் அழைத்தேன். பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அவர்களைத் தவிர, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அங்கிளும் அன்ரியும். அங்கிள் பஸ் ஓட்டுகிறார். இரண்டு வருடமாக மகளுக்குக் கையசைப்பார். அவளும் கையசைப்பாள், அவ்வளவுதான். எல்லாரிடமும் முன்கூட்டியே ஒன்று சொல்லிவைத்தேன்: அவள் படித்தால் யாரும் கைதட்டி ஆரவாரம் செய்ய வேண்டாம், இயல்பாக இருங்கள். தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது அது.

சனிக்கிழமை எனக்கு வேலை என்பதால், டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு விழா. இங்கே டிசம்பர் கோடைக்காலம், சரியான வெயில். கொல்லைப்புறத்தில் வேலி ஓரமாக நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். கணவர் பிரின்சிபால். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு, டை கட்டி வந்து நின்றார். விழாவே வேண்டாம், சிரிப்பார்கள் என்று சொன்ன மனிதர்.

"அன்பான பெற்றோர்களே, ஆசிரியர்களே, மாணவர்களே" என்று தொடங்கிவிட்டு, ஒரே மாணவியைப் பார்த்து, "மாணவியே" என்று திருத்திக்கொண்டார். அவள் சிரித்தாள். சான்றிதழைக் கொடுத்து, கைகுலுக்கினார். பிறகு, "இப்போது நமது மாணவி தான் எழுதிய புத்தகத்தைப் படிப்பார்" என்றார்.

அவள் வந்து நின்றாள். புத்தகத்தைத் திறந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. உதடு உள்ளே மடிந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும்.

மரத்தில் சிக்காடாப் பூச்சிகள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன. நண்பரின் மனைவி குனிந்து தன் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்தது வெட்கம். மகளுக்காக வருத்தம் அதற்குப் பின்னால்தான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. "பரவாயில்ல கண்ணா, அம்மா படிக்கிறேன்" என்று எழப்போனேன்.

அதற்குள் அங்கிள் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கி, அப்படியே வேலியைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"என்னப்பா செய்யிறியள்?" என்றார் அன்ரி.

"நான் பஸ் ஓடுற ஆள். சனமெல்லாம் எனக்குப் பின்னால இருந்துதான் கதைக்கிறது. எனக்கு முதுகுப் பக்கத்தாலதான் நல்லாக் காது கேக்கும்." பிறகு வேலியைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ ஆறுதலா வாசி பிள்ளை. அவசரமில்லை."

அன்ரி ஒரு நொடி யோசித்தார். "ஓம், எனக்கும் வெயில் முகத்திலதான் அடிக்குது" என்று தன் நாற்காலியையும் திருப்பினார். செவன் ஹில்ஸ் பெண்ணுக்கு இது விளையாட்டாகத் தெரிந்தது, குதித்துப்போய்த் திருப்பினாள். அவள் அம்மா, அப்பா, பிரின்சிபால், எல்லாரும். கடைசியாக நான். எல்லாரும் வேலிப் பலகையைப் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் முன்னால் பலகையில் ஒரு முடிச்சு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மிக மெல்லிய குரலில் தலைப்பு வந்தது. இரண்டாம் பக்கத்தில் குரல் கொஞ்சம் ஏறியது. ஐந்தாம் பக்கத்தில் வீட்டில் பேசுகிற குரலே வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தைத் தமிழில் படித்தாள். "நத்தை வீடு வாங்க வேண்டாம். அதுக்கு வீடு இருக்கு. அதனால அது வீடு விக்கிற நோட்டீஸை எல்லாம் சாப்பிட்டுடும்."

அங்கிளின் தோள் குலுங்கியது. எங்கள் வரிசையே சத்தமில்லாமல் சிரித்தது. கணவர் பக்கத்தில் டையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

படித்து முடித்துவிட்டாள். நான் சொல்லிவைத்தபடி யாரும் கைதட்டவில்லை. பின்னாலிருந்து காலடி வந்தது. என் காதருகே குனிந்து, கொஞ்சம் கோபமாகவே கிசுகிசுத்தாள்.

"அம்மா, அசெம்பிளின்னா கிளாப் பண்ணணும்."

வேலியைப் பார்த்தபடியே எல்லாரும் கை தட்டினோம்.

பிறகு அன்ரி கொண்டுவந்த ரோல்ஸும் நான் செய்த கேசரியும் சாப்பிட்டோம். மகள் யாரிடமும் மேற்கொண்டு பேசவில்லை. செவன் ஹில்ஸ் பெண்ணோடு சேர்ந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நனைந்தாள். நண்பரின் மனைவி எனக்குத் தட்டுக் கழுவ உதவ வந்தாள். "அன்னிக்கு நான் கேட்டதைத் தப்பா எடுத்துக்கலியே?" என்றாள். "சேச்சே" என்றேன். எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது இரண்டாம் வகுப்பு நடக்கிறது. சில இடங்களில் பேசுகிறாள், பல இடங்களில் இல்லை. பள்ளிக்கு எப்போது திரும்புவாள் என்று கணவரும் கேட்பதில்லை, நானும் நாள் குறிப்பதில்லை. போன வாரம் நீச்சல் வகுப்பில் தண்ணீருக்குள் காலை வைத்ததும், சொல்லிக் கொடுக்கும் பெண்ணிடம், "குளிருது" என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் ஓடிப்போய் ஹீட்டரைப் பார்த்தாளாம். அது உண்மையிலேயே வேலை செய்யவில்லை.